லாப்ரடார் வளர்க்க விரும்பும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லாப்ரடார் வாங்குவதற்கு முன்பும் வாங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உணவைப் பற்றிய பதில் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். இந்த நாய்களின் ஆயுளைக் குறைப்பதில் வீட்டுச் சமையலறைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. அதனால் வேண்டுமென்றேதான் அங்கே அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு லாப்ரடார் ஒத்துவருமா?

பகல் பொழுதில் வீட்டில் ஆள் இருப்பார்களா என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. இந்த இனத்தின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலைசெய்தவை. வலையிலிருந்து நழுவிய மீனையும் தண்ணீரில் கிடக்கும் கயிற்றையும் நீந்திப்போய் எடுத்துவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு, வேட்டையில் விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விவரும் வேலைக்குப் பழக்கப்பட்டன. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் 1903-இல் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1917-இல் ஏற்றது.

ஆக, நாள் முழுக்க மனிதரின் பக்கத்திலேயே இருந்து வேலைசெய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய் இது. எல்லோரும் காலையில் கிளம்பி இரவில் திரும்பும் வீட்டில் அதைப் பூட்டிவைத்தால் கதவைச் சுரண்டும், மெத்தையைக் கிழிக்கும், ஓயாமல் குரைக்கும். இதைக் குறும்பு என்று நினைத்துத் திட்டுகிறார்கள். உண்மையில் அது தனிமையைத் தாங்க முடியாத தவிப்பு.

உடல் பலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் நாய் 29 முதல் 36 கிலோவும், பெண் நாய் 25 முதல் 32 கிலோவும் இருக்கும். ஒன்றரை வயதில் உடல் பெரிய நாயாகிவிடும். புத்தி குட்டியாகவே இருக்கும். பாசத்தோடு மேலே தாவினாலும் முதியவர் ஒருவர் கீழே விழப் போதுமான எடை அது. தாவாமல் இருக்கப் பழக்கும் பொறுமை உங்களிடம் இருந்தால், இதைவிடக் குடும்பத்தோடு ஒட்டும் நாய் கிடைப்பது அரிது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். தினமும் வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும், அவ்வளவுதான். பெரிய தோட்டம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தோட்டத்தில் விடப்பட்ட லாப்ரடார் தனியாக ஓடி விளையாடாது. வாசல் கதவருகே படுத்து உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஆண் நாயா, பெண் நாயா?

ஆண் சற்றுப் பெரியது; பெண் சற்று விரைவில் பக்குவப்படும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் குட்டிக்குக் குட்டி இருக்கும் வேறுபாடு இதைவிடப் பெரியது. பாலினத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எந்த நிறம் நல்லது?

கறுப்பு, மஞ்சள், சாக்லேட் ஆகிய மூன்றே அங்கீகரிக்கப்பட்ட நிறங்கள். வெண்ணெய் நிறம் தொடங்கி நரிச் சிவப்பு வரை எல்லாமே மஞ்சளின் சாயல்கள்தான். ஒரே ஈற்றில் மூன்று நிறக் குட்டிகளும் பிறக்கலாம். நிறத்தைப் பொறுத்துக் குணம் மாறும் என்பதை நம்பி யாரும் குட்டி வாங்க வேண்டாம்.

உடல்நலத்தில் ஒரு வேறுபாடு பதிவாகியிருக்கிறது. பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், சாக்லேட் நிற லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் இறந்துவிட்டிருக்கும் வயது) 10.7 ஆண்டுகளாகவும், மற்ற இரு நிறங்களுக்கு 12.1 ஆண்டுகளாகவும் இருந்தது. காது, தோல் தொல்லைகளும் சாக்லேட் நாய்களில் கூடுதல். நிறமே நோயைக் கொண்டுவருகிறது என்று இதற்குப் பொருளில்லை. சாக்லேட் நிறக் குட்டி பிறக்கத் தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அதற்கான மரபணு வர வேண்டும். அந்த நிறத்தையே குறியாக வைத்து இணைசேர்க்கும்போது, இணைகளைத் தேர்ந்தெடுக்கும் வட்டம் சுருங்கிவிடுகிறது. அப்போது நிறத்தோடு மற்ற குறைகளும் சேர்ந்து வரலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். ‘அரிய வெள்ளி நிறம்’ என்று கூடுதல் விலை கேட்பவர்களிடமிருந்தும் இதே காரணத்துக்காக விலகியிருங்கள்.

குட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். புதியவர் வீட்டுக்குள் நுழைந்ததும் தாய் எப்படி நடந்துகொள்கிறது? வாலாட்டி வந்து முகர்ந்துவிட்டுக் குட்டிகளிடம் திரும்புகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா, உறுமுகிறதா? குட்டிகள் முதல் எட்டு வாரம் கற்றுக்கொள்வது அதனிடமிருந்துதான். ‘தாய் வேறு இடத்தில் இருக்கிறது’ என்று சொன்னால் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். வழியில் எங்காவது வைத்துக் குட்டியைக் கைமாற்றித் தருகிறேன் என்பவரிடமும் வாங்காதீர்கள்.

அடுத்தது காகிதங்கள். இனப் பதிவுச் சான்றிதழ் பரம்பரையைச் சொல்லும். உடல்நலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது, தாய், தந்தை இரண்டுக்கும் எடுத்த இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரேக்களின் மதிப்பீட்டை. இந்த இனத்தில் அந்த மூட்டுகள் சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை பரம்பரையாக வருகிறது. அதோடு கண் பரிசோதனையும் டிஎன்ஏ பரிசோதனையும் வேண்டும். விழித்திரை படிப்படியாகச் சிதைந்து பார்வை போகும் நோய், கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால்கள் துவண்டு சரியும் நோய் ஆகிய இரண்டும் மரபணு வழியாக வருபவை. பெற்றோர் இரண்டுமே பழுதான மரபணுவைச் சுமந்திருந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். ஒரு பெற்றோருக்காவது பரிசோதனையில் பழுதில்லை என்று வந்திருந்தால் போதும், குட்டி தப்பிவிடும். ஆகவே, பரிசோதனை செய்யாமல் இணைசேர்ப்பவருக்குச் சாக்கு எதுவும் இல்லை.

பிறகுதான் குட்டி. ஓடிவந்து மடியில் ஏறும் துணிச்சலானதை எல்லோரும் விரும்புவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது நடுத்தரமான குட்டியை. சாவிக்கொத்தைத் தரையில் போட்டால் திடுக்கிட்டு, சில நொடிகளில் அதையே முகர வருமே, அந்தக் குட்டியை. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். உடன்பிறந்தவற்றைக் கடித்து, அவை கத்தி விலகும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது.

உங்கள் வேலைநேரம், வீடு, குழந்தைகளின் வயது எல்லாவற்றையும் விசாரிக்கும் வளர்ப்பாளர் கிடைத்தால் எரிச்சல்படாதீர்கள். குட்டி எங்கே போய்ச் சேர்கிறது என்று கவலைப்படுபவர்தான் அப்படிக் கேட்பார்.

வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாமா?

தாராளமாக. குட்டியின் முதல் ஆண்டைச் சமாளிக்க நேரமில்லாத குடும்பத்துக்கு மூன்று, நான்கு வயது நாய் பெரும்பாலும் சிறந்த தேர்வு. அதன் குணம், உடல் அளவு, குழந்தைகளிடம் அது காட்டும் பொறுமை எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும். புதிய வீட்டில் இயல்புக்கு வரச் சில வாரங்கள் கொடுங்கள்.

தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாதா?

பார்வோ, டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் கல்லீரல் அழற்சி ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வார வயது வரை திரும்பப் போடுவார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் தடுப்பூசியை வேலைசெய்யவிடாமல் தடுக்கும். அது எப்போது தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை தவணைகள். ஒன்றைக்கூட விடாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. அதற்கான வயதையும் அடுத்த தவணையையும் மருத்துவர் சொல்வார். குடற்புழு மருந்தும் முதல் மாதங்களில் அடிக்கடி தேவைப்படும்.

சிக்கல் என்னவென்றால், உலகத்தைப் பயமின்றி ஏற்கக் குட்டி கற்கும் பருவம் மூன்று வாரத்தில் தொடங்கிப் பதினான்கு வாரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தடுப்பூசி முடியக் காத்திருந்தால் அந்தக் காலம் போய்விடும். எனவே கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். வாகன இரைச்சல், குடை, தொப்பி, சக்கர நாற்காலி, தாடிவைத்தவர், ஓடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்கட்டும். மற்ற நாய்கள் திரியும் தரையில் மட்டும் இறக்காதீர்கள்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது. என்ன செய்வது?

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். வேலை முடிந்த அந்த நொடியிலேயே பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ஈரத்தில் மூக்கை அழுத்தித் தண்டிக்கும் வழக்கம் கொடுமையானது, பயனற்றதும்கூட. குட்டி உங்கள் கண்ணில் படாமல் போக மட்டுமே அதில் பழகும்.

குட்டி எங்கள் பிள்ளைகளைக் கடிக்கிறது. கோபக்கார நாயா?

பெரும்பாலும் இல்லை. வாயால் கவ்வுவதற்கென்றே உருவான இனம் இது. மூன்றரை, நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கி, ஆறு, ஏழு மாதத்தில் 42 பற்களும் முளைத்து முடியும்வரை ஈறு நமைச்சல் வேறு இருக்கும்.

மாலை நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். பள்ளி முடிந்து பிள்ளைகள் வருகிறார்கள், கூச்சலிட்டு ஓடுகிறார்கள். குட்டி துரத்திக் கணுக்காலைக் கவ்வுகிறது. பிள்ளை அலறிக் காலை உதறுகிறது. குட்டிக்கு அது விளையாட்டின் உச்சம். இன்னும் பலமாகக் கவ்வும். இதில் இரண்டு பக்கமும் மாற்றம் வேண்டும். பல் பட்டதும் மரம் மாதிரி அசையாமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரியவர் ஒருவர் குட்டியின் வாயில் கடிக்கத் தகுந்த பொம்மையைக் கொடுக்கட்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் குட்டி களைத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த வயதில் அதற்கு நாளுக்கு 16 முதல் 18 மணி நேரத் தூக்கம் தேவை. அமைதியான இடத்தில் படுக்கவிட்டால் சற்று நேரத்தில் உறங்கிவிடும்.

லாப்ரடார் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் சிறு குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்மை தெரியப் பார்ப்பது எல்லாம் ‘போதும், விடுங்கள்’ என்று நாய் கேட்பதற்கான அடையாளங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமுவதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கக்கூடும்.

எவ்வளவு சாப்பாடு கொடுக்கலாம்? எப்போதும் பசி என்று கேட்கிறதே?

கேட்கும். சாப்பிட்டு முடித்த கிண்ணத்தைத் தரையோடு தரையாக நக்கித் தள்ளிக்கொண்டே போய், பிறகு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்க்கும். அந்தப் பார்வை பொய் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு பிஓஎம்சி என்ற மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருப்பது தெரியவந்தது. பசியை அடக்கும் சமிக்ஞைகளோடு தொடர்புள்ள மரபணு அது. அதே குழுவின் பிந்தைய ஆய்வில், இந்த நாய்களுக்கு வேளைகளுக்கு நடுவே பசி அதிகம் என்பதோடு, ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைவு என்று தெரிந்தது. ஆக, போதும் என்று அந்த நாயே நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

அப்படி நிறுத்துவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 48 லாப்ரடார்களை, ஒரே ஈற்றில் பிறந்தவை இரண்டிரண்டாக வரும்படி ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, அதிகம் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயின் வாழ்வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எவ்வளவு பெரியது என்பது நாயை இழந்த குடும்பத்துக்குத் தெரியும். எந்த மருந்தும் தராத பலன் இது.

எடை சரியா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம். நாயை நிற்கவைத்து, இரு உள்ளங்கைகளையும் விலாவில் வைத்து, அழுத்தாமல் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேடி அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். இப்படி இருக்கும் லாப்ரடாரைப் பார்த்து ‘சாப்பாடே போடுவதில்லையா?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். கொழுத்த லாப்ரடார்களையே எங்கும் பார்த்துப் பழகிய கண் அது. பொருட்படுத்தாதீர்கள்.

நாலு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு வேளை போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைத் தொடக்கமாக வைத்து, விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டுங்கள், குறையுங்கள். குவளையால் அள்ளாமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். அன்றைய மொத்த உணவையும் காலையில் ஒரு டப்பாவில் எடுத்துவைத்துவிட்டால், தாத்தா கொடுப்பதும் பிள்ளைகள் கொடுப்பதும் பயிற்சிக்குக் கொடுப்பதும் அந்த டப்பாவிலிருந்தே போகும். நாயின் எடை கூடும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: யாரும் அதிகம் கொடுப்பதில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறார்கள்.

குட்டிக்கு, பெரிய இன நாய்க்குட்டிகளுக்கென்று தயாரித்த உணவைக் கொடுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அளவோடு இருக்கும். எலும்பு பலப்படும் என்று அதற்கு மேல் கால்சியம் மருந்தும் ஊற்றுவது தவறு. குட்டியின் குடல் அதிகப்படியான கால்சியத்தை ஒதுக்கித் தள்ள முடியாமல் உறிஞ்சிவிடும். எலும்பின் வளர்ச்சியே கோணலாகும். வீட்டில் சமைத்துத்தான் போடுவேன் என்றால் மருத்துவரிடம் கேட்டுச் சமன்செய்த உணவுத் திட்டத்தோடு செய்யுங்கள்.

எவற்றைக் கொடுக்கவே கூடாது?

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை, மது, சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த தின்பண்டமும் சூயிங்கமும். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். மனிதருக்கான வலிநிவாரணிகளான பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம். லாப்ரடார் உணவல்லாததையும் விழுங்கும்: காலுறை, மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டு, பொம்மையின் கண். திடீரென்று சாப்பாட்டை மறுத்துத் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால் குடலடைப்பாக இருக்கலாம். வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் நடக்கவைக்க வேண்டும்?

வளர்ந்த நாய்க்கு, நடையும் ஓட்டமும் விளையாட்டும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நீச்சல் கிடைத்தால் இன்னும் நல்லது. மூட்டில் பாரம் விழாது.

குட்டிக்கு வேறு கணக்கு. நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட பெரிய இனக் குட்டிகளைக் கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த முதல் மூன்று மாதங்களில் மாடிப்படி ஏறியிறங்கியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் குறை அதிகமாகக் காணப்பட்டது. மென்மையான, மேடுபள்ளமான தரையில் கயிறில்லாமல் தன் போக்கில் ஓடியாடியவற்றுக்குக் குறைவு. ஆகவே படிகளில் தூக்கிச் செல்லுங்கள். வழுவழுப்பான தரையில் குட்டி நடமாடும் பாதையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். மிதிவண்டிக்குப் பின்னால் ஓடவைப்பது, உயரத்திலிருந்து குதிக்கவைப்பது எல்லாம் எலும்பு வளர்ந்து முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடலைக் களைக்கவைப்பதோடு மூக்குக்கும் வேலை கொடுங்கள். உணவில் ஒரு பிடியைப் புல்லில் தூவித் தேடவிட்டாலே போதும், நாய் நிறைவாக வந்து படுத்துக்கொள்ளும்.

முடி அதிகம் கொட்டுமா? அடிக்கடி குளிப்பாட்டலாமா?

நிறையக் கொட்டும், ஆண்டு முழுக்க. இரட்டை அடுக்கு முடி என்பதால் பருவம் மாறும்போது இன்னும் அதிகம். வாரத்தில் இரண்டு, மூன்று முறை சீவுங்கள். வெப்பத்துக்காக மழித்துவிடாதீர்கள், வெயில் தோலில் நேரே படாமல் தடுப்பதே அந்த முடிதான். குளியல் அழுக்கானால் போதும். காதுதான் முக்கியம்: மடிந்து தொங்குவதால் ஈரம் உள்ளேயே தங்கிக் கிருமி வளரும். நீந்திய பின்பும் குளித்த பின்பும் காதைத் துடைத்து உலர்த்துங்கள். தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ நாற்றம் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் காலத்தில் என்ன கவனம் தேவை?

நடையை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றுங்கள். புறங்கையைத் தரையில் சில நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதில் வெந்துபோகும். பந்தைத் தொடர்ந்து எறிந்தால் தளர்ந்து விழும்வரைகூட எடுத்துவரும் நாய் இது. நிறுத்த வேண்டியவர் நீங்கள். கடுமையாக மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கம். உடனே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்படச் செய்யுங்கள். முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நிறுத்திய காரில் சற்று நேரம்கூட விட்டுச்செல்லாதீர்கள்.

கருத்தடை எப்போது செய்யலாம்?

இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இல்லையென்றால் செய்துவிடலாம், ஆனால் அவசரம் வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த லாப்ரடார்களில் மூட்டுக் கோளாறு அதிகம் என்று 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. எலும்பு வளர்ந்து முடிய உதவும் ஹார்மோன் முன்கூட்டியே நின்றுபோவது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பெண் நாய்க்குப் பால்சுரப்பிக் கட்டி, கருப்பைச் சீழ் ஆகிய ஆபத்துகளையும் சேர்த்து எடைபோட வேண்டியிருப்பதால் மருத்துவரோடு பேசி வயதை முடிவுசெய்யுங்கள். சிகிச்சைக்குப் பின் எடை எளிதில் கூடும்; உணவை அப்போதே குறைத்துவிடுங்கள்.

வீட்டைக் காவல் காக்குமா?

ஆள் வந்தால் குரைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். காவலுக்காகக் கட்டிப்போட்டு முரடாக்க முயல்வது இந்த நாய்க்குச் செய்யும் பெரிய அநியாயம்.

வயதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

எட்டு வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. எழுந்திருக்கத் தயங்குவதை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்காதீர்கள். அது பெரும்பாலும் மூட்டு வலி, அதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டிகள் இந்த இனத்தில் சகஜம். இருந்தாலும் ஒவ்வொரு புதுக் கட்டியையும் ஊசியால் மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டுப் பார்த்து மட்டும் புற்றுக்கட்டியைப் பிரித்தறிய முடியாது. குரைக்கும் குரல் கரகரத்து, மூச்சிழுக்கும்போது இரைச்சல் கேட்டால் குரல்வளைத் தசை செயலிழந்துவருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். வயதான லாப்ரடார்களுக்கு இது வருவதுண்டு. அந்த நாய்க்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை மாட்டுங்கள், வெப்பத்தில் நடக்கவிடாதீர்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.